நகம் சிவந்திருந்தது

திருவல்லிக்கேணி,
2-8-1968

அன்புள்ள அக்காளுக்கு,

செல்வநாதன் எழுதுவது. நலம் விசாரிக்கிற நேரம் இதுவல்ல என்று தெரியும். உன் கணவர் இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஆபீஸில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வேலை பார்ப்பது எந்த ஆபீஸ் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சந்தேகமான முறையில் இறந்தவர்களின் இரைப்பை, ஈரல், ரத்தம் இவற்றைத் தனித்தனி பாட்டிலில் போட்டு சீல் வைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் விஷம் இருக்கிறதா, சாராயம் இருக்கிறதா என்று சோதித்து எழுதுவது எங்கள் வேலை. போன வாரம் பக்கத்து மேசைக்கு வந்த பாட்டில்களின் சீட்டில் 'தண்டபாணி, நெட்டுக்குப்பம்' என்று எழுதியிருந்தது.

நான் அவற்றைத் தொடவில்லை. அறிக்கை டைப் ஆகிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தேன். இரைப்பையில் சாராயம் இருந்ததாக முதல் வரியிலேயே இருந்தது.

சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை, அக்கா. ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் ராயபுரம் வீட்டில் அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. "ஹார்பர்ல மூட்டை எண்ணி எண்ணி உன்ன படிக்க வச்சேன். நீ போயும் போயும் ஒரு குடிகாரன் பின்னால போறியே" என்றார். வேதம் வேறு, நாம் கிறிஸ்தவர்கள் என்பதைக்கூட அவர் அப்புறம்தான் சொன்னார். அன்றைக்கு நீ அவருக்கு எதிர்ப்பேச்சு பேசினாய். யார் சொன்னது பலித்தது என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

அப்பா இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறார். நீ தனியாக வந்து, நடந்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் இடம் உண்டு என்று அம்மாவிடம் சொன்னாராம். யோசித்துப் பார். அந்தக் குப்பத்தில் இனி உனக்கு என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
அ. செல்வநாதன்


நெட்டுக்குப்பம்,
7-8-1968

செல்வத்துக்கு,

தோத்திரம் போட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. சாமியிடம் சொல்ல வேண்டியதை நான் நேராகவே சொல்லிக்கொள்கிறேன்.

'அன்புள்ள அக்காளுக்கு' என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷமாக அந்த அன்பு எங்கே போயிருந்தது? டோல்கேட்டில் உன் தோஸ்து வீட்டுக்கு வந்து வந்து போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் ஒரு தரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாயா? என் புருஷன் பாட்டிலில் வந்த பிறகுதான் உனக்கு அக்கா நினைப்பு வந்ததா?

இப்போது நான் சொல்வதைக் கேள். தண்டபாணி குடித்தவன்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், வாசலிலேயே நின்றான். "உங்க நைனா என்னிய குடிகாரன்ட்டாரு, மேரி. அந்த வார்த்தைய இன்னொரு தபா எவனும் சொல்ல வுட மாட்டேன்" என்றான். அன்றோடு சரி. மார்கழியில் கடலுக்குப் போய் விறைத்து வந்தால்கூட சூடாகக் கஞ்சித் தண்ணி கேட்பான். குப்பத்தில் அவனுக்குப் பேரே கஞ்சித்தண்ணி என்றுதான். அந்தப் பேரை அவன் மெடல் மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தான்.

மீன் பாடு குறைந்த பிறகு திருவொற்றியூர் பக்கம் கண்ணாடிக் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே உலை எரிய நிலக்கரியிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள். அது போகிற பாதை ஆள் குனிந்து நுழைகிற அளவு இருக்கும். உள்ளே தார் அடைத்துக்கொண்டால் ஒருத்தன் போய்ச் சுரண்ட வேண்டும். வால்வை மூடியாச்சு, போ என்று மேஸ்திரி சொன்னான், இவன் போனான். பக்கத்து வீட்டு ஜெயவேல் வெளியே நின்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை என்றதும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சேதி வந்து நான் ஓடிப் போனபோது கம்பெனி கேட் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். வாயில் சாராய வாசனை அடித்தது. அதை நானே மோந்தேன், மறைக்க மாட்டேன். மேஸ்திரி போலீஸ்காரரிடம், "மூஞ்சியப் பாரு சார், எப்டி செவந்து கீது. ஃபுல்லா ஏத்திகினு வந்துட்டான்" என்றான். உண்மையாகவே சிவந்துதான் இருந்தது. வெற்றிலை போட்டவன் மாதிரி உதடு. மருதாணி வைத்த மாதிரி நகம். ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் கொடுத்தார்கள், எடுக்கும் முன்னால் குளிப்பாட்டினோம். அப்போதும் அந்தச் சிவப்பு போகவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

காரியம் முடியும் முன்னே கம்பெனி ஆள் ஒரு காகிதத்தோடு வந்தான். குடித்ததால்தான் செத்தான் என்று கையெழுத்துப் போட்டால் பேக்கிங் ஷெட்டில் எனக்கு வேலையாம். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, வந்த வழியைக் காட்டினேன்.

ராயபுரம் வீட்டுக்கும் அதே பதில்தான். கம்பெனிக்காரர்களும் நீங்களும் என்னிடம் கேட்பது ஒரே கையெழுத்து. நான் போட மாட்டேன்.

அடைக்கலமேரி


திருவல்லிக்கேணி,
10-8-1968

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. திட்டியதற்கெல்லாம் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அதனால் அவசரமானதை மட்டும் எழுதுகிறேன்.

நகம் சிவந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். மறுநாளும் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உள்ளங்கை எப்படி இருந்தது? உள்ளங்கால்? கயிறு பிடித்த ஜெயவேலுக்கு அன்று தலைவலி, வாந்தி ஏதாவது வந்ததா? யாரிடமும் காரணம் சொல்லாமல் விசாரித்து எழுது.

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். குடித்தவன் முகம் உயிரோடு இருக்கும்போது சிவக்கும். செத்த பிறகு அது நிற்காது. செத்த உடம்பு வெளிறிப்போகும், அல்லது நீலம் பாயும். செத்த பிறகும் நகமும் உதடும் சிவப்பாகவே நிற்பதற்கு எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிலக்கரியிலிருந்து எடுக்கிற கேஸில் கார்பன் மோனாக்சைடு என்று ஒன்று இருக்கிறது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மூச்சில் போனால் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ரத்தம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், ஆனால் உடம்புக்கு வேண்டிய காற்றைச் சுமக்காது. உள்ளே இருப்பவனுக்குச் சாகிறோம் என்றே தெரியாது.

நேற்று அறிக்கையின் நகலை எடுத்து முழுவதும் படித்தேன். மூன்று பாட்டில். முதல் பாட்டில் இரைப்பை, சாராயம் உண்டு. இரண்டாவது ஈரல், சாராயம் இல்லை. மூன்றாவது ரத்தம், அதிலும் இல்லை. எல்லாம் வெளிப்படையாக டைப் அடித்துத்தான் இருக்கிறது. போலீஸ் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டது. நானும் அப்படித்தான்.

ரத்தத்தில் கேஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. பாட்டில் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. கேஸ் நாள்பட்டாலும் ரத்தத்தை விட்டுப் போகாது. ஆனால் நாங்களாகத் திறக்க முடியாது, விசாரிக்கிற அதிகாரி எழுதிக் கேட்க வேண்டும். லேபர் ஆபீஸில் மனு கொடு. வாசகம் இதோடு வைத்திருக்கிறேன்.

நான் அந்தப் பாட்டிலைத் தொட மாட்டேன். தொட்டால் கம்பெனி வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். இன்று காலை எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் போய், இறந்தவர் என் சொந்த அக்காள் கணவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "உனக்கு அக்கா இருக்கிறாளா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே" என்றார். இருக்கிறாள் என்றேன்.

செல்வம்


நெட்டுக்குப்பம்,
19-8-1968

செல்வத்துக்கு,

உள்ளங்காலும் சிவப்புதான். நான்தான் தேய்த்துக் கழுவினேன், எனக்குத் தெரியாதா? ஜெயவேல் அன்று ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தானாம். பயத்தில் என்று நினைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி மந்திரித்திருக்கிறாள்.

லேபர் ஆபீஸ் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த பாட்டில்ல எதைப் பார்க்கணும்னு சர்க்காருக்கு நீ சொல்லித் தரியா?" என்றார். "பார்க்கலன்னா சொல்லித்தானே ஆகணும்" என்றேன். அப்புறம் வா என்றார், அப்புறம் போனேன். மறுபடி வா என்றார், மறுபடி போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து வலை பின்ன ஆரம்பித்ததும் கையெழுத்துப் போட்டு உங்கள் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்.

நீ உதவி செய்கிறாய் என்பதற்காக நான் உருகிவிடவில்லை. அதைத் தெரிந்துகொள். 'அக்காள் கணவர்' என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தாய், எனக்கு எழுதும்போது இன்னும் 'இறந்தவர்' என்றுதான் வருகிறது. போகட்டும்.

இனி நான் கேட்கப்போவதற்கு ஒளிக்காமல் பதில் எழுது. வயிற்றில் சாராயம் இருந்தது என்று நீயே சொல்கிறாய். அது எப்படி வந்தது? எனக்குத் தெரியாமல் குடித்தானா? கம்பெனிக்குப் போகிற வழியில், நாலு வருஷமும் என்னிடம் நடித்தானா? பகலில் யார் கேட்டாலும் அவன் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறேன். படுத்த பிறகு அந்த வாசனை மூக்கில் வந்து நிற்கிறது. உங்கள் எல்லோரையும் எதிர்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அவனை நம்பாமல் போனால் நிற்கக் கால் இல்லை, செல்வம்.

அவன் அம்மா குப்பம்மாவைப் பற்றியும் கவலையாக இருக்கிறது. கம்பெனி கேட்டில் மீன் விற்கிறவள். அன்றைக்கு எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தவள். கூடையை எடுத்து மூலையில் கவிழ்த்துவிட்டாள். சோறு வைத்தால் தொடுவதில்லை. கழிமுகத்தைப் பார்த்து உட்கார்ந்தே கிடக்கிறாள். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். நான் வந்த நேரம்தான் சரியில்லை என்று நினைக்கிறாளோ என்னவோ.

மேரி


திருவல்லிக்கேணி,
29-8-1968

அக்கா,

சிவப்பு நின்றது.

லேபர் ஆபீஸ் கடிதம் வந்ததும் பெரியவர் அந்தப் பாட்டிலை ஃப்ளோரா மேடத்திடம் கொடுத்தார். எங்கள் ஆபீஸில் அவர் கை சுத்தத்துக்கு எல்லோரும் மரியாதை வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். இரண்டு குழாயில் ரத்தம் வைத்தார். ஒன்று வேறு யாருடையதோ, சாதாரண ரத்தம். இன்னொன்று மாமாவுடையது. இரண்டிலும் டானிக் அமிலம் சேர்த்து வைத்துவிட்டார். நேரம் ஆக ஆக முதல் குழாய் சேறு மாதிரி பழுப்பாகிவிட்டது. மாமாவுடையது சிவப்பு மாறவில்லை. சாயங்காலம் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் அப்படியே நின்றது. பிறகு வேறு கருவியிலும் வைத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார். சாவுக்குப் போதுமான அளவு என்று அறிக்கை போய்விட்டது.

வால்வை மூடியாச்சு என்று மேஸ்திரி சொன்னது பொய், அல்லது வால்வு ஒழுகியிருக்கிறது. எதுவானாலும் அவரைக் கொன்றது கம்பெனி கேஸ்.

இனி உன் கேள்வி. அது உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரிந்தும் பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அறிக்கை கையில் இல்லாமல் ஆறுதல் மட்டும் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

குடிக்கிற ஒருத்தன் வீட்டிலிருந்து கிளம்பும்போது குடித்தாலும் சரி, வழியில் குடித்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் அது வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போய்விடும். ரத்தத்தில் போனால்தான் போதையே. மாமா வயிற்றில் சாராயம் இருந்தது. ரத்தத்தில் இல்லை, ஈரலில் இல்லை. அப்படியானால் அது ரத்தத்துக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. ரத்த ஓட்டம் நிற்கப்போகிற கடைசி நிமிஷத்தில் உள்ளே போயிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் தானாக எழுந்து பாட்டிலைத் திறந்து குடித்திருக்க முடியாது.

அவர் உன்னிடம் நடிக்கவில்லை, அக்கா. யாரோ வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

யார்? வேண்டுமென்றே குடிகாரன் என்று காட்ட மேஸ்திரி ஊற்றினானா? அப்படியென்றால் அது பெரிய குற்றம். அன்றைக்குக் கேட் பக்கம் இருந்தவர்களைக் கேள். யாராவது பார்த்திருப்பார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அம்மா மட்டும், "அப்போ அந்தப் புள்ள குடிக்கலியா?" என்று இரண்டு தரம் கேட்டார்கள்.

செல்வம்


நெட்டுக்குப்பம்,
5-9-1968

தம்பி செல்வத்துக்கு,

உன் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு ஜெயவேல் வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி ஊற்றினானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அப்படியானால் யார் என்றேன். வலையை இழுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சிக்கெடுக்க ஆரம்பித்துவிட்டான். "என்னிய கேக்காத அண்ணி. எனக்கு அந்த பேஜாரு வேணாம்" என்றான். நான் விடவில்லை. குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். என் புருஷன் பேரைக் கெடுத்தவன் எவனாக இருந்தாலும் கோர்ட்டில் ஏற்றாமல் விட மாட்டேன் என்று சத்தம் போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினால் அத்தை வாசலில் நிற்கிறாள். இத்தனை நாள் என்னைப் பார்க்காதவள் நேராகக் கண்ணைப் பார்த்தாள்.

"ஏத்துமே என்னிய" என்றாள். "நான்தான் ஊத்துனேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "வெளிய இழுத்துப் போட்டுகினு 'தண்டபாணி, தண்டபாணி'ன்னு கத்தறானுங்க. கூடைய போட்டுட்டு ஓடுனேன். கடல்லேர்ந்து தூக்கியாந்தவனுக்கு ஊத்த மாட்டோமா? சூடு ஏறிச்சின்னா எழுந்துருவான்ல? அப்டித்தான் நென்சிகினேன். மூட்டு வலிக்குத் தேய்க்க கூடையில ஒரு பாட்டிலு வச்சிகினு இருந்தேன். தலைய மடியில வச்சிகினு வாயில ஊத்துனேன், நெஞ்சுல தேச்சேன். எழுந்துக்கல. அப்பால போலீசு வந்து சாராயத்தாலதான் செத்தான்னு சொல்லுது. ஊத்துனது நானு. அப்போ எம் புள்ளய கொன்னது யாரு? நான்தானே?"

செல்வம், நீ துறைமுகத்துப் பையன், உனக்குக் குப்பத்து வழக்கம் தெரியாது. இங்கே கட்டுமரம் கவிழ்ந்து மூழ்கினவனைக் கரைக்குக் கொண்டு வந்தால் முதலில் செய்வது அதுதான். சாராயத்தை வாயில் ஊற்றி நெஞ்சில் தேய்ப்பார்கள். எழுந்தவர்களும் உண்டு. நானே நாலு வருஷத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் எனக்கு இது தோன்றவில்லை. தீயும் தாரும் இருக்கிற இடத்தில் கடல் வைத்தியம் செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள். ஜெயவேலும் பார்த்த மற்றவர்களும் வாயைத் திறக்காததற்குக் காரணம், சாராயம் வைத்திருந்தாள் என்று தெரிந்தால் மதுவிலக்குப் போலீஸ் அவளைப் பிடிக்கும், குப்பத்தையே கிளறும். முதலில் எனக்கு அவள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அவன் நாலு வருஷம் கட்டிக் காத்ததை ஒரே மடக்கில் கெடுத்துவிட்டாளே என்று. அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். செதில் ஒட்டிய கை. அதைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

நீ அவளுக்கு எழுது. உன் குழாய், அமிலம் எல்லாம் வேண்டாம், அவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கச் சொன்னாள்: "நான் ஊத்தறப்போ அவனுக்கு உசுரு இருந்துச்சான்னு அந்தப் புள்ளய கேளு."

மேரி


திருவல்லிக்கேணி,
9-9-1968

அன்புள்ள அக்கா,

இதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு.

அம்மா, நான் மேரியின் தம்பி. உங்களை ஒரு தரம்கூட வந்து பார்க்காதவன். ஆனால் உங்கள் மகன் எதனால் இறந்தார் என்பது எங்கள் ஆபீஸுக்கு நிச்சயமாகத் தெரியும். நீங்கள் ஊற்றியது அவரைக் கொல்லவில்லை. ஊற்றிய சாராயம் வேலை செய்ய வேண்டுமானால் ரத்தத்தில் ஏறித் தலைக்குப் போக வேண்டும். உங்கள் மகன் ரத்தத்தில் அது ஏறவே இல்லை. வயிற்றோடு நின்றுவிட்டது. நீங்கள் ஓடி வருவதற்கு முன்னாலேயே கம்பெனி கேஸ் அவர் ரத்தம் முழுக்க நிறைந்துவிட்டது. அந்த நிலையில் நீங்கள் பால் ஊற்றியிருந்தாலும், பச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தாலும், டாக்டரே பக்கத்தில் இருந்திருந்தாலும், அவர் எழுந்திருப்பது கஷ்டம்தான்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு எங்கள் ஆபீஸ் முத்திரை போட்டுப் பதில் தராது, நானாகச் சொல்வதுதான். செத்தவர் வாயில் ஊற்றினால் பெரும்பாலும் கடைவாயில் வழிந்துவிடும், வயிற்றுக்கு அவ்வளவாகப் போகாது. உங்கள் மகன் வயிற்றில் இருந்தது கொஞ்சமல்ல. அவர் விழுங்கியிருக்கிறார். விழுங்கினார் என்றால் அப்போது உயிர் இருந்தது. உலகத்தில் எவர் கொடுத்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டார் என்று அக்கா எழுதியதிலிருந்து தெரிகிறது. உங்கள் கையால் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

அக்கா, இனி உனக்கு மட்டும். உன் அத்தை லேபர் ஆபீஸ் விசாரணையில் வந்து சொல்ல வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சாவுக்குக் காரணம் கேஸ் என்று முடிவாகிவிட்டது, நஷ்டஈட்டை இனி யாரும் தடுக்க முடியாது. 'குடித்திருந்தார்' என்கிற ஒரு வார்த்தை மட்டும் கம்பெனி பக்கத்தில் மிஞ்சும். அதை அழிக்க அவர்கள் வாயைத் திறந்தால் மதுவிலக்கு வழக்கு அவர்கள் தலையில் விழும். வேண்டுமா என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். எப்படி முடிவு செய்தாலும் நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

தம்பி,
செல்வம்


நெட்டுக்குப்பம்,
27-9-1968

தோத்திரம்.

அன்புள்ள செல்வத்துக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்தேன். அத்தை முழுக்கக் கேட்டாள். 'அவர் விழுங்கியிருக்கிறார்' என்கிற இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தரம் என்றாள். அப்புறம் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்து, "சோறு கீதா?" என்றாள். எனக்கு உன் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போனது. மீதி இருக்கிறது, அவசரப்படாதே.

போகலாமா வேண்டாமா என்று நாங்கள் பேசவே இல்லை. விசாரணை அன்று காலையில் பார்த்தால், கவிழ்த்து வைத்திருந்த கூடையை நிமிர்த்திக் கழுவிக்கொண்டிருக்கிறாள். "எங்கே கிளம்பிட்டே?" என்றேன். "எம் புள்ளய குடிகாரன்னு எழுதி வச்சினு கீறானுங்களே, அந்த எடத்துக்கு" என்றாள்.

கம்பெனி வக்கீல் நல்ல கெட்டிக்காரர். கேஸ் ஒழுகியது என்பதை ஒத்துக்கொள்கிறோம் என்றார். ஆனால் இரைப்பையில் சாராயம் இருந்திருக்கிறது, தெளிவாக இருந்திருந்தால் இறந்தவர் உடனே வெளியே வந்திருப்பார், ஆகவே பாதிப் பொறுப்பு அவருடையதுதான் என்றார். அதிகாரி என்னைப் பார்த்து, "உனக்கு வரவேண்டியது வரும்மா. இதை இதோட விட்டுடேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "வரவேண்டியதுல முதல்ல வரவேண்டியது அவர் பேரு சார்" என்றேன்.

அத்தை எழுந்தாள். கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்று பியூன் தடுத்தான். "நவுருப்பா" என்று அவனைத் தள்ளிவிட்டுப் போய் மேசைக்கு முன்னால் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள், எனக்குச் சொன்ன அதே மாதிரி, ஒரு வார்த்தை கூட்டாமல். கூட்டத்தின் பின்னாலிருந்து ஜெயவேல், "ஆமா சார், நானும் பார்த்தேன்" என்றான். அப்புறம் இன்னும் ரெண்டு பேர். இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவர்கள்.

வக்கீல் அவளிடம் திரும்பினார். மகனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்றார். செத்தவனை இனிமே எங்கே காப்பாத்தறது என்றாள் அத்தை. அதிகாரி உன் ஆபீஸ் அறிக்கையை எடுத்து, மூன்று வரியையும் உரக்கப் படித்தார். இரைப்பையில் உண்டு. ஈரலில் இல்லை. ரத்தத்தில் இல்லை. படித்துவிட்டு அவளைப் பார்த்தார். ரெண்டும் பொருந்திவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

வக்கீல் கடைசியாக ஒன்று போட்டார். மதுவிலக்கு அமலில் இருக்கும்போது சாராயம் வைத்திருந்தது குற்றம், அதை இந்த அம்மாள் இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்றார். அதிகாரி தயங்கினார். "ஏம்மா, யோசிச்சுப் பேசு. அந்த பாட்டில் உன்னுதுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வழி விட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அத்தை ரெண்டு கையையும் மேசைமேல் நீட்டினாள். விலங்கு போட வருகிறவனுக்கு நீட்டுகிற மாதிரி.

"பாட்டிலு என்து. ஊத்துன கை என்து. முழுங்குன புள்ள என்து. கேஸு மட்டும் அவுங்களுது. இதுல எது குத்தம்னு நீயே எழுதிக்கோ நைனா" என்றாள்.

அவர் எழுதினார். இறந்தவர் குடித்திருக்கவில்லை என்று தனி வரியாக எழுதி, எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீலும் சும்மா இருக்கவில்லை. அத்தை மேல் மதுவிலக்கு வழக்கு பதிவாகிவிட்டது. எங்கிருந்து வாங்கினாய் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள், சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நிற்க வேண்டும். அதுவரை சும்மா இருப்பாளா? இன்று காலை அதே கம்பெனி கேட்டில் கூடையை இறக்கிவிட்டாள். மேஸ்திரி வந்தால் அவனுக்கு மட்டும் மீன் கிடையாதாம்.

வெள்ளிக்கிழமை அவளோடு குப்பமே வருகிறது. நம் வீட்டிலிருந்தும் ஒருத்தன் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல், நடந்தது எதுவும் தப்பில்லை என்று. உனக்கு வர மனசிருந்தால் முதல் நாளே வந்துவிடு. டோல்கேட்டில் இறங்காதே. எண்ணூருக்கு டிக்கெட் வாங்கு.

உன் அக்கா,
அடைக்கலமேரி தண்டபாணி